உலை காணாத இரும்பு

1981 ஆகஸ்ட் 2ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், 'பிரிம்ரோஸ்' என்ற சரக்குக் கப்பல் அந்தமானின் வட சென்டினல் தீவுப் பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது. வங்கதேசத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். சரக்கு, கோழித்தீவனம். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததால், படகை இறக்குவதைவிடக் கப்பலிலேயே இருப்பது மேல் என்று மாலுமிகள் காத்திருந்தார்கள். சில நாள் போனபின் கரையில் ஆட்கள் தென்பட்டார்கள். கையில் வில்லும் ஈட்டியும். படகு வேறு செய்கிறார்கள் என்று தெரிந்தது. கப்பல் தலைவர் ஹாங்காங்கில் இருந்த கம்பெனிக்கு அவசரச் செய்தி அனுப்பினார். ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், பொழுது சாயும்போது கப்பலில் ஏறிவிடுவார்கள் போலிருக்கிறது, விமானத்திலிருந்து துப்பாக்கிகளைப் போடுங்கள் என்று கேட்டார். துப்பாக்கி வரவில்லை. நல்லவேளையாக அலை படகுகளை அண்டவிடவில்லை. காற்று அம்புகளைத் திசைமாற்றியது. மாலுமிகள் கோடரியும் இரும்புக் குழாயும் ஏந்திக் காவல் இருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ஹெலிகாப்டர் வந்து அவர்களை மீட்டது.

இதுவரைதான் எல்லோரும் சொல்வார்கள். நாகரிக உலகத்தின் மாலுமிகளைக் காட்டுவாசிகள் முற்றுகையிட்ட கதை. எனக்கு அதற்குப் பிறகு நடந்ததில்தான் ஆர்வம்.

கப்பலை உடைத்து எடுக்க அரசு ஒப்பந்தம் கொடுத்தது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் ஆட்களோடு போய் ஏறத்தாழ 18 மாதம் அங்கே வேலை பார்த்தார். வேலை தொடங்கிய இரண்டு நாளில், கடல் வற்றியிருந்த அதிகாலையில், மூன்று படகுகளில் பத்துப் பன்னிரண்டு சென்டினல் ஆண்கள் வந்தார்களாம். இவர்கள் பயந்துபோய் வாழைப்பழத்தைக் காட்டினார்கள். அவர்கள் பழத்தை வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறி, பரபரப்பாக எதையோ தேடினார்கள். தேடியது சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளை. அதன்பின் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வந்துபோனார்கள் என்று அந்த வியாபாரி பின்னர் சொல்லியிருக்கிறார். துப்பாக்கி கேட்டுச் செய்தி போன அதே தளத்தில், வாழைத்தார் சகிதமாக, ஒன்றரை வருடம் இரும்பு பங்கு பிரிக்கப்பட்டது.

அந்தப் பங்கீட்டில் ஒரே கப்பலின் உடல் இரண்டு வழியாகப் பிரிந்தது. பெரிய தகடுகள் வெட்டப்பட்டுக் கடல் கடந்து போயின. பழைய இரும்புக்கு அங்கே விதித்திருப்பது உலை. உருகி, வேறு கப்பல்களின் இரும்போடும் ரயில் இரும்போடும் கலந்து, யாரோ ஒருவர் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் கம்பியாகப் படுத்துக்கொள்ளும். சின்னத் துண்டுகள் காட்டுக்குள் போய், உருகாமல், சிவக்காமல், கல்லால் அடிபட்டு அம்பு முனையாயின. இந்த இரண்டாவது பயணத்தைத்தான் தொடர்ந்துபோக நினைக்கிறேன்.

அதற்கு முன் உலையைப் பார்த்துவிடுவது நல்லது.

கத்தி அடிக்கக் கற்றுக்கொடுக்கும் வார இறுதி வகுப்புகள் மேலைநாடுகளில் இப்போது ஏராளம். 2015இல் அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனல் 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' போட்டியைத் தொடங்கியபின், கணினியில் வேலை பார்க்கிறவர்களும் பல் மருத்துவர்களும் தோல் அங்கியை மாட்டிக்கொண்டு பட்டடை முன் நிற்க ஆசைப்படுகிறார்கள். நம் ஊரில் கொல்லுப்பட்டறை வகுப்பு நடத்தாது. பையனை முதலில் துருத்தி இழுக்கச் சொல்லும், பிறகு சம்மட்டி பிடிக்கச் சொல்லும், குறடு கைக்கு வர வருடம் ஆகும். ஆனால் முதல் முறை சுத்தியல் பிடிக்கிற ஆள் எந்த ஊரில் இருந்தாலும் படுகிற பாடு ஒன்றுதான்.

இரும்பு பழுத்துவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது. சிவந்ததுமே எடுத்துவிடுவார். ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளுக்கு வரும்போதுதான், ஏறத்தாழ 1,000 டிகிரிக்கு மேல், எஃகு களிமண் போல இணங்கும். எடுத்ததும் அடிக்காமல் கொஞ்சம் யோசிப்பார். அந்த நேரத்தில் அது ஆறி, சுத்தியலைத் திருப்பி அனுப்பும். சரி, இன்னும் நன்றாகக் காயட்டும் என்று விட்டால் நுனியில் மத்தாப்பு போல வெண்பொறி பறக்கும். அந்த நுனி எரிந்துபோயிற்று, வெட்டிப் போட வேண்டியதுதான். ஒருவழியாகத் தட்டி நீட்டி, ஒரு பக்கத்தை மெலிதாக்கத் தொடங்கும்போது அடுத்த அதிர்ச்சி. விளிம்பு மெலிய மெலிய அந்தப் பக்கம் நீளும், முதுகுப் பக்கம் நீளாது. நேராக இருந்த கத்தி தானாக வளையும், அதுவும் அருவாளுக்கு நேர் எதிர்த்திசையில், வெட்டும் வாய் வெளிப்புறமாகப் புடைத்துக்கொண்டு. கைப்பழக்கம் உள்ளவர் இதை அறிந்து முதலிலேயே எதிர்ப்பக்கம் வளைத்து வைத்துவிடுவார். அடிக்க அடிக்க அது நேராக வந்து நிற்கும். புதியவர் வளைந்த பிறகு நிமிர்த்துகிறார், நிமிர்த்திய பிறகு மெலிதாக்குகிறார், மறுபடி வளைகிறது.

பிறகு தோய்ச்சல். காந்தம் ஒட்டாத சூடு ஏறத்தாழ 770 டிகிரி. அதற்குக் கொஞ்சம் மேலே காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தினால் எஃகு இறுகும். அரத்தைப் போட்டால் வழுக்கும். ஆனால் அந்த நிலையில் கத்தி தரையில் விழுந்தால் உடையலாம். ஆகவே மறுபடி 200 டிகிரிக்குச் சற்று மேல் இளஞ்சூடு காட்டி, தேய்த்த பரப்பில் வைக்கோல் நிறம் ஓடும்போது நிறுத்த வேண்டும். நீலம் ஓடிவிட்டால் வாய் மழுங்கிவிடும். 1976இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தன் முதல்படிப் பட்டத்துக்கு ஒரு தேர்வு வைத்திருக்கிறது. தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே வாயால் கையிலுள்ள மயிரை மழிக்க முடிய வேண்டும். கடைசியாக இடுக்கியில் மாட்டி 90 டிகிரி வளைத்தால் முறியக் கூடாது. கூர்மையும் வேண்டும், வளையவும் வேண்டும். தோய்ச்சலின் சூட்சுமம் அவ்வளவும் அதற்குள் இருக்கிறது.

இந்த வகுப்புகளில் ஒரு பாடத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். எந்த இரும்பை எடுப்பது என்பது. மாணவர் கையில் ஏற்கெனவே அளந்து வெட்டிய எஃகுப் பட்டையைக் கொடுத்துவிடுவார்கள். கார்பன் இத்தனை சதவீதம் என்று சீட்டு ஒட்டியிருக்கும். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியில் அருவாள் அடிக்கிறவருக்கு அந்தச் சொகுசு இல்லை. அவர் பழைய இரும்புக் கடையில் லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தேடி எடுக்கிறார். அதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் இருக்கும், தோய்ச்சல் ஏறும். பக்கத்திலேயே கிடக்கும் கட்டடக் கம்பி பார்வைக்கு அதைவிடப் புதிதாக இருந்தாலும் அருவாளுக்கு உதவாது. தட்டினால் வரும் ஓசை, சாணையில் பறக்கும் பொறியின் கிளை, முறிவில் தெரியும் மணி, இவற்றைப் பார்த்தே இரும்பை இனம் பிரிக்கக் கொல்லருக்குத் தெரியும். வகுப்பில் கடைசியில் வரும் இந்தப் பாடம், அல்லது வராமலே போகும் இந்தப் பாடம், அந்தமானில் முதல் பாடம். முதல் பாடமும் அதுதான், பாதிப் படிப்பும் அதுதான்.

பிரிம்ரோஸில் ஏறியவர்கள் ஏன் சின்னத் துண்டுகளைத் தேடினார்கள்? கப்பலின் பக்கத்தகட்டை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கல்லால் அடித்து மெலிதாக்கும் கனம் அல்ல அது. ஆணி, கம்பி, பட்டைத் துண்டு, மெல்லிய தகட்டின் கிழிசல் என்று, முடிக்க வேண்டிய பொருளுக்கு ஏற்கெனவே பாதி நெருங்கியிருக்கிற துண்டுதான் பயன்படும். அதோடு கப்பல் கட்டும் எஃகில் கார்பன் 0.2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். உலையில் காய்ச்சி எண்ணெயில் போட்டாலும் அது பெரிதாக இறுகாது. திருப்பாச்சேத்திக்காரர் கையில் கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுவார். ஆனால் அதே மென்மையால் அது குளிர்ந்த நிலையிலேயே அடி வாங்கிக்கொள்ளும், சட்டென்று வெடிக்காது. அடிக்க அடிக்கப் படிகங்களுக்குள் இருக்கும் பிறழ்வுகள் ஒன்றோடொன்று சிக்கி நகர முடியாமல் போவதால், அடிபட்ட விளிம்பு தானாகவே கடினமாகும். ஐரோப்பாவில் புல் அறுக்கும் நீண்ட அரிவாளின் வாயை இன்றும் சூடேற்றாமல் சிறு பட்டடையில் தட்டித்தான் கூராக்குகிறார்கள். அதுவும் இதே வித்தை. ஆக, உலை இல்லாதவர்கள் கையில் உலைக்கு உதவாத இரும்பு வந்து சேர்ந்தது. கெட்டதிலும் ஒரு பொருத்தம்.

அந்தமான் மக்கள் இரும்பைக் குளிர்ந்த நிலையில்தான் வேலை செய்தார்கள் என்பதை அங்கே பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி இ.எச். மேன் 1880களிலேயே விரிவாக எழுதிவைத்தார். ஒரு கல் பட்டடை, ஒரு கல் சுத்தியல், ஒரு தீட்டுக்கல். 1906 முதல் 1908 வரை அங்கே இருந்த மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் தன் 1922ஆம் ஆண்டு நூலில் அதை உறுதிப்படுத்துகிறார். நெருப்பு அவர்களிடம் இல்லாமல் இல்லை. அணையாமல் காத்து, ஊருக்கு ஊர் எடுத்துப்போனார்கள். மண்பானை செய்து சுட்டார்கள். ஆனால் காற்றடிக்காத விறகுத் தீயில் இரும்பு சிவக்கும், மஞ்சளாகப் பழுக்காது. இரும்பைப் பழுக்கவைப்பது கரியும் துருத்தியும் சேர்ந்து செய்கிற வேலை. துருத்தி அந்தமானியர் கைக்கு வரவே இல்லை.

அவர்களிடம் இருந்தது வேறொரு தேர்ச்சி. இரும்பு வருவதற்கு முன் வாச்சியின் வாய் பெரிய சிப்பியின் ஓடு. கத்தி, இன்னொரு சிப்பி. மூங்கில் சிம்பும் கத்திதான். அம்பு முனைக்கு எலும்பு, திருக்கை மீனின் வால்முள், கமுகு மரச் சிம்பு. தோலைக் கீறவும் தலை மழிக்கவும் படிகக்கல் சில்லு. பின்னாளில் வெள்ளைக்காரர் குடித்துப் போட்ட பாட்டில்கள் கிடைத்ததும் படிகக்கல்லைக் கைவிட்டுக் கண்ணாடிச் சில்லுக்கு மாறினார்கள், அதே உடைக்கும் முறையில். ஓட்டை உடைப்பது, தட்டுவது, தேய்ப்பது, கட்டுவது. அவர்கள் இரும்பை அந்த வரிசையில் ஒரு புது ஓடாகவே எடுத்துக்கொண்டார்கள். இதை 'இரும்புக் காலத்துக்கு வராதவர்கள்' என்று எழுதுவது பாடநூல் பழக்கம். கற்காலம், செம்புக்காலம், இரும்புக்காலம் என்று பெட்டி போட்டு வைத்த அலமாரியில் இவர்களுக்கு இடம் கிடைக்காதது அலமாரியின் கோளாறு.

அந்தப் புது ஓட்டை வைத்து அவர்கள் செய்த பன்றி அம்பைப் பார்க்க வேண்டும். முனை தண்டோடு நிரந்தரமாகப் பொருந்தியிருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு ஓடும். முனையில் எதிர்முள் உண்டு. அம்பு பட்டதும் முனை பன்றியின் உடலில் தங்கும், தண்டு கழன்று கயிற்றில் தொங்கும். பன்றி ஓட ஓடத் தண்டு கொடியிலும் வேரிலும் மாட்டிக்கொண்டு அதை நிறுத்தும். அடர்ந்த காட்டில் அடிபட்ட பன்றியைத் தேடி அலைகிற வேலை மிச்சம். இரும்பு முனையையும் முள்ளையும் நூலால் சுற்றி, தேன்மெழுகும் பிசினும் செம்மண்ணும் கலந்த அரக்கால் பூசி இறுக்குவார்கள். கயிறு அறுக்கும் தேர்வை அந்த முனை தாங்காது. கத்திக் கொல்லர் சங்கத்தார் அந்தக் காட்டில் பன்றி தேடிப் பார்த்தால் தெரியும்.

இந்தத் தீவுகளில் இரும்புத் தாதை உருக்கியவர் யாரும் இல்லை. நமக்கோ இரும்பு பற்றிப் பேசத் தொடங்கினால் பழம்பெருமையை நிறுத்த முடிவதில்லை. கொடுமணலில் உலைகள், சிவகளையில் கிடைத்த இரும்புக்கு 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலக் கணக்கு, சேலத்து எஃகு. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல்வழியில் 1,350 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கரையில் மலிந்து கிடந்த பொருள் அந்தக் கரையில் பொன்.

பொன் என்பது என் மிகைப்பேச்சு இல்லை. சீனத் துறவி இத்சிங் 673இல் கெடாவிலிருந்து தாம்ரலிப்திக்குப் போகும் வழியில் ஆடையற்றவர்களின் நாட்டைக் கடந்தார். நிக்கோபார்தான் அது என்பது பெரும்பாலோர் கருத்து. கப்பலைக் கண்டதும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு படகுகள் வந்து சூழ்ந்தன. தேங்காய், வாழைப்பழம், பிரம்பிலும் மூங்கிலிலும் செய்த பொருள்கள். அவர்கள் திரும்பக் கேட்டது ஒன்றே, இரும்பு. இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் என்று விலையையும் குறித்துவைத்தார். 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு நூல் ஒன்றும் அதே தீவுகளில் அம்பரையும் தேங்காயையும் கொடுத்து இரும்பு வாங்கியதைச் சொல்கிறது. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025ஐ ஒட்டி அந்தப் பக்கம் போய்வந்ததைத் தஞ்சைக் கோவில் கல்வெட்டு மாநக்கவாரம் என்ற பெயரோடு பதிந்திருக்கிறது. அது வெற்றிப் பட்டியல், விலைப்பட்டியல் அல்ல. இத்சிங்குக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்தும், 19ஆம் நூற்றாண்டின் முடிவில், நிக்கோபாரில் கடை போட்ட வியாபாரிகள் கத்திக்கும் கோடரிக்கும் தேங்காய்க் கணக்கிலேயே விலை சொன்னார்கள். தேங்காய் வெட்டும் 'தாவ்' கத்தி இல்லாத நிக்கோபார் வீடு அப்போதே இல்லை எனலாம். அங்கிருந்து இரும்பு பெரிய நிக்கோபாரின் காட்டுக்குள், தேனுக்கும் பிரம்புக்கும் மாற்றாக, ஷோம்பென் மக்களின் ஈட்டி முனைக்குப் போனது.

சாத்தனாரின் மணிமேகலையில் வரும் சாதுவன் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கப்பல் உடைந்து கரையேறிய சாதுவன், நக்க சாரணர் நாகர்களின் தலைவனுக்கு அறம் சொல்கிறான். உடைந்த கப்பலிலிருந்து உயிர்தப்பி வருகிறவர்களைக் கொல்லாதே என்கிறான். தலைவன் மனம் மாறி, முன்பு கரை ஒதுங்கியவர்களிடம் எடுத்துவைத்த வாசனை மரமும் மெல்லிய துணியும் செல்வக் குவியலும் உனக்கே என்று கொடுத்துவிடுகிறான். இந்த நாகர் நாடு நிக்கோபார்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு; எனக்கு அந்த அடையாளத்தில் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் நாகன் கொடுத்த பொருள்களில் சாத்தனார் இரும்பைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். உடைந்த கப்பலில் ஆணியே இல்லாமலா போகும்? அது கொடுக்கிற பொருள் இல்லை போலும்.

அந்தமானுக்கு வருவோம். நிக்கோபாரியர் கப்பலைத் தேடிப் போய்ப் பண்டமாற்று செய்தார்கள். அந்தமானியர் கப்பல் தங்களைத் தேடி வந்து மோதும்வரை காத்திருந்தார்கள். வங்காள விரிகுடாவின் பருவக்காற்றும் பவளப்பாறைகளும் அவர்களை அதிகம் காக்கவைக்கவில்லை. 1867இல் 'நினவே' என்ற வணிகக் கப்பல் வட சென்டினலில் உடைந்தது. பயணிகளும் மாலுமிகளும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் கரையேறினர். மூன்றாம் நாள் அவர்கள்மேல் அம்புகள் பாய்ந்தன. அந்த அம்புகளின் முனையில் இரும்பு இருந்ததுபோல் தெரிந்தது என்பது கப்பல் தலைவரின் சாட்சி. அப்படியென்றால் நினவேக்கு முன்பே ஏதோ ஒரு கப்பல் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 1977இல் 'ரஸ்லி', 1981இல் பிரிம்ரோஸ். எந்த நாட்டுச் சுரங்கத்தில் வெட்டி, எந்த நாட்டு உலையில் உருக்கி, எந்தத் துறைமுகத்தில் தறையடித்தார்களோ, கடைசி வேலை இந்தக் கரையில்.

இரும்பு வெள்ளமாக வந்தது 1858இல். மார்ச் 10ஆம் தேதி ஆங்கிலேய அதிகாரி ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள் அவர்களில் உண்டு. கைதிகளின் காலில் இரும்பு, கையில் காடு வெட்டும் இரும்பு. தீவுக்காரர்கள் பல தலைமுறையாக ஒன்றிரண்டு ஆணியாகப் பொறுக்கிச் சேர்த்த பொருள், அங்கே நூற்றுக்கணக்கான கோடரியாகவும் மண்வெட்டியாகவும் காட்டு ஓரத்தில் நடமாடியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்தமானியர் பெருங்கூட்டமாக வந்து தாக்கினார்கள். வாக்கர் எழுதிய அறிக்கையில் ஒரு விவரம் வியப்பானது. காலில் இரும்பு வளையம் அணிந்த கைதிகளை அவர்கள், எதிர்த்தால் ஒழிய, ஒன்றும் செய்யவில்லை. வளையம் இல்லாத மேஸ்திரிகளை, சிவப்புத் தலைப்பாகையும் அடையாளத் தகடும் அணிந்தவர்களைத்தான், தேடித் தேடித் தாக்கினார்கள். காடு அழிவதற்கு யார் பொறுப்பு என்பதை அணிந்திருந்த உலோகத்தை வைத்தே பிரித்துவிட்டார்கள். மே 17ஆம் தேதி நடந்த அபர்டீன் சண்டையில் அவர்கள் தோற்றாலும், இரும்பின் மேல் இருந்த கண் போகவில்லை. நண்பர்களாகிவிட்ட பேரந்தமானியருக்கு இரும்பு பரிசாகக் கிடைத்தது. அதோடு அம்மையும் புட்டாளம்மையும் மேகநோயும் வந்தன. சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் இன்று சில பத்துப் பேர்.

நண்பர்களாகாத ஜாரவாக்கள் இரும்பை எடுத்துக்கொண்டார்கள். கைதிகளின் குடிசையிலும், வனத்துறை முகாமிலும், பிறகு கிழக்கு வங்காள அகதிகளின் குடியேற்றங்களிலும் இரவில் நுழைந்து பாத்திரம், கோடரி, கம்பி என்று கொண்டுபோனார்கள். உயிர்ச்சேதம் இருபக்கமும் இருந்தது. அரிசி மூட்டை கிடக்க, உடைந்த இரும்புச் சட்டியைத் தூக்கிப்போகிற கள்வன் நம் திருட்டுச் சட்டத்தின் கணக்கில் அடங்காதவன். 1974இல் தொடங்கிய நட்புப் பயணங்களில் அதிகாரிகள் தேங்காயும் வாழைப்பழமும் சிவப்புத் துணியும் எடுத்துப்போனபோது இரும்புத் துண்டுகளும் பட்டியலில் இருந்தன. திருடியதையே பரிசாகக் கொடுக்கத் தொடங்கியது ராஜதந்திரம். இதற்கிடையே அந்தமான் டிரங்க் சாலை ஜாரவாக்களின் காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. 1997 அக்டோபரில் ஜாரவாக்கள் வில் இல்லாமல் வெளியே வந்தார்கள். காப்பகத்துக்குள் ஓடும் சாலையை மூடும்படி உச்சநீதிமன்றம் 2002இல் சொல்லியும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சாலையில் ஓடித் தேய்ந்த லாரியின் ஸ்பிரிங் பட்டையில்தான் நல்ல வெட்டுக்கத்தி வரும் என்பது எந்தக் கொல்லருக்கும் தெரியும். ஜாரவாவின் அகன்ற இலை வடிவ அம்பு முனைக்கு அது ஆகாது. இறுகிய ஸ்பிரிங் எஃகு கல்லுக்கு மசியாது.

வட சென்டினலுக்கு இரும்பு போகும் வழி இப்போது சட்டப்படி அடைபட்டிருக்கிறது. 1991இல் மதுமாலா சட்டோபாத்யாய் உள்ளிட்ட குழுவினர் கையிலிருந்து சென்டினல் மக்கள் தேங்காய் வாங்கிய சந்திப்புகளும், அதன்பின் சில ஆண்டுகளில் பரிசுப் பயணங்களும் நின்றுபோயின. தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது. 2018 நவம்பரில் அதை மீறி மதம் பரப்பப் போன ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் எடுத்துப்போன பரிசுகளில் கத்தரிக்கோல் இருந்தது, ஊக்குகள் இருந்தன. ஒரு சிறுவன் எய்த அம்பு அவருடைய பைபிளில் தைத்தது. அம்பின் முனை உலோகம், மெல்லியது, ஆனால் மிகக் கூர்மை என்று நாட்குறிப்பில் எழுதினார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொல்லப்பட்டார். அந்தக் குறிப்பை மதபோதனை பற்றிய விவாதங்களில் எல்லோரும் புரட்டிவிட்டார்கள். எனக்கு அது ஒரு தரச்சான்றாகவும் படுகிறது. மெல்லியது, கூர்மையானது என்பதற்குமேல் ஒரு கொல்லர் கேட்கும் நற்சான்று ஏது?

கத்திக்கும் அம்புக்கும் பிறந்த ஊர் உண்டு, அதைக் கண்டுபிடிக்கவும் முடியும். போர்ட் பிளேரில் இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் மேன் சேகரித்து அனுப்பிய அந்தமான், நிக்கோபார் பொருள்கள் இருக்கின்றன. அம்புகளில் எந்த இனத்தார் செய்தது, எந்த வேட்டைக்கு என்று எழுதுவார்கள். எந்த இரும்பு என்று எழுதுவதில்லை. ஒரு மயிரிழை அளவு துகளை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் சொல்லிவிடலாம். பழைய தேனிரும்பு என்றால் உள்ளே கசடு நார் நாராக ஓடியிருக்கும். 1880களுக்குப் பிறகு கப்பல் கட்டுவதில் பரவிய உருக்கு எஃகில் அந்த நார் இருக்காது. கல்லால் அடிபட்ட படிகங்கள் நசுங்கி நீண்டிருக்கும், தீயில் பழுத்தவை புதிதாக உருண்டு திரண்டிருக்கும். எவ்வளவு நசுங்கியது, எந்தத் திசையில் என்பதுகூட ஓரளவு தெரியும். இத்தனை வருடம் அந்த மக்களின் மண்டையோட்டையும் மயிரையும் அளந்தவர்கள் அவர்கள் அடித்த இரும்பையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.